முதலில் புறப்பட்டவர்

தாளாளர் செந்தமிழ்செல்வனின் அறைக்குள் யாரை அழைத்தாலும், அவர்கள் சற்று நேரம் அவருடைய அப்பாவின் படத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அப்படியொரு விதி கிடையாது. தாளாளர் அந்த நேரம் பார்த்துத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருப்பார், அவ்வளவுதான்.

எழிலரசிக்கு அந்தப் படம் மனப்பாடம். விமான ஓடுதளம் போல ஒரு வெட்டவெளி. அதில் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார், கதவில் வட்டத்துக்குள் எண் பதினேழு. காரில் சாய்ந்தபடி, வெள்ளைக் கால்சட்டையும் கழுத்தில் பட்டுக் கைக்குட்டையுமாக ஓர் அழகர். அவருக்கு ஓரடி தள்ளி, ஆனால் காருக்கு அவரைவிட நெருக்கமாக, மூக்குக்கண்ணாடி அணிந்த ஓர் இளம்பெண். கீழே பித்தளைத் தகட்டில் ‘சோழவரம் சிங்கம் ராஜாமணி அவர்கள்’ என்று இருந்தது. அந்தப் பெண்ணைப் பற்றித் தகடு எதுவும் சொல்லவில்லை. தகட்டுக்குக் கீழே கண்ணாடிப் பெட்டியில் ஒரு வெள்ளிக் கோப்பை. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை புளி போட்டுத் தேய்த்ததில், அதில் பொறித்திருந்த எழுத்தெல்லாம் சுத்தமாகப் போய், பார்ப்பவர் முகம் மட்டும் தெரியும்.

அன்று தாளாளர் தொலைபேசியைச் சீக்கிரமே வைத்துவிட்டார். அப்பாவுக்கு வரும் மாதம் தொண்ணூறாவது பிறந்தநாள். அவர் காலமாகிப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது என்றாலும் பிறந்தநாள் நின்றுவிடவில்லை. கல்லூரியில் கட்டியிருக்கும் உள்விளையாட்டரங்குக்கு அப்பா பெயர் வைக்கப்போகிறார்கள். திறப்பு விழாவில் வாழ்க்கை வரலாறு வெளியிட வேண்டும். அதை எழிலரசி எழுத வேண்டும்.

“அப்பா எத்தன ரேஸ் ஜெயிச்சாருன்னு வரிசையா வரணும்மா. ஒரு இருவது இருக்கும். முப்பதுகூட இருக்கலாம். ஜாஸ்தியா போனாலும் பரவால்ல, கொறைஞ்சிடக் கூடாது.”

எழிலரசி வரலாற்றுத் துறையில் தொகுப்பூதிய விரிவுரையாளர். ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் வேலையிலிருந்து விடுவித்து, ஜூனில் திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள். ஏழு வருடமாக ஜூன் என்றால் அவளுக்குப் பயம்தான். தாளாளர் அதையும் அறிந்தவர்தான். அதே மேடையில், புத்தகம் வெளியான கையோடு, அவளுக்கு நிரந்தரப் பணி ஆணையைத் தன் கையாலேயே கொடுப்பதாகச் சொன்னார். அப்படிச் சொல்லிவிட்டு, புத்தகம் மட்டும் சரியாக வரவேண்டும் என்றார். ‘மட்டும்’ என்ற இடத்தில் குரலைக் கொஞ்சம் இறக்கினார்.

அவள் முதலில் போனது திருப்பாதிரிப்புலியூரில் இருந்த பொன்னுரங்கத்திடம். ராஜாமணியின் மனைவிக்குத் தம்பி, அரிசி மண்டி வைத்திருந்து ஓய்ந்தவர். காப்பி வருவதற்கு முன் தன் மச்சான் பன்னிரண்டு பந்தயம் ஜெயித்ததாகச் சொன்னார். காப்பி குடித்து முடிப்பதற்குள் அது பதினெட்டாகிவிட்டது. எந்தெந்த வருடம் என்று அவள் கேட்டபோது, எல்லா வருடமும்தான் என்றார். அவர் நேரில் பார்த்தது எது என்று கேட்டபோதுதான் சிக்கல். பந்தயம் நடக்கும் பிப்ரவரி மாதம் அறுவடை முடிந்து மண்டியில் கூட்டம் நெரியும் காலமாம், அவரால் ஒரு வருடம்கூடப் போக முடியவில்லையாம்.

இப்படி இன்னும் நான்கைந்து உறவினர்கள். யாரும் பந்தயத்தைப் பார்த்ததில்லை, எல்லோரும் வெற்றியைக் கேள்விப்பட்டிருந்தார்கள். சென்னைக்குப் போய்ப் பழைய நாளிதழ்களைப் புரட்டினாள். போட்டியிடுவோர் பெயர்களில் கடலூர் ராஜாமணி தவறாமல் இருந்தார். மறுநாள் முடிவுகளில் தவறாமல் இல்லை. போட்டிக்கும் முடிவுக்கும் நடுவே மனிதர் எங்கே போனார் என்பது பத்திரிகைகளுக்குச் செய்தியாகப் படவில்லை.

திரும்பவும் பொன்னுரங்கத்திடம் போய், படத்தில் இருக்கும் பெண் யார் என்று கேட்டாள். அவர் முகம் சுருங்கியது.

“அது டாக்டர் வீட்டுப் பொண்ணு. கிறிஸ்தவங்க. அண்ணாமலை நகர்ல புரொபசரா இருந்துச்சு. அதுகிட்டல்லாம் போயிக் கேக்காதீங்க, அது பாட்டுக்கு எதுனா சொல்லும்.”

இதைவிடத் தெளிவாக யாரும் வழி சொல்ல முடியாது.

படத்தில் இருந்த அந்தப் பெண்ணுக்கு, பேராசிரியர் ஜான்சிக்கு, இப்போது எண்பதை நெருங்கும் வயது. இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்று, பல்கலைக்கழகத்துக்கு வெளியே மாணவர் விடுதிகள் நெருக்கும் தெருவில் தனியாக இருந்தார். எழிலரசி ஃபோனில் விஷயத்தைச் சொன்னதும், வீட்டுக்கு வரவேண்டாம், கீழ வீதி முனையில் நில் என்றார். சொன்ன நேரத்துக்குப் பழைய மாருதி ஒன்று இரண்டு ஆட்டோக்களுக்கு நடுவே, அங்கே இடமே இல்லாத ஓர் இடத்தில் புகுந்து வந்து நின்றது.

“ஏறும்மா. எனக்கு வீட்ல உக்காந்துகிட்டுப் பேச வராது.”

தேர் வீதிகளைச் சுற்றிக்கொண்டு பிச்சாவரம் சாலையைப் பிடிக்கும்வரை எழிலரசி கதவுப் பிடியை விடவில்லை. விடும் நிலையில் இல்லை. வண்டி வேகமாகப் போனது என்றும் சொல்ல முடியாது. எதற்காகவும் மெதுவாகவில்லை, அதுதான். சைக்கிள்களும் மாடுகளும் பள்ளி விட்ட பிள்ளைகளும் தாங்களாகவே விலகிக்கொண்டதுபோல இருந்தது. ஊருக்கு வெளியே வந்ததும் அவள் மெல்லக் கேட்டாள், ராஜாமணி நன்றாக ஓட்டுவாரா என்று.

“கடலூர்லேருந்து சிதம்பரம் வரைக்கும் அவர எந்தக் காரும் முந்துனதில்ல,” என்றார் ஜான்சி. “அப்ப இந்த ரோட்டுல வேற காரே கெடையாது.”

சொல்லிவிட்டு, அது நியாயமில்லை என்று தோன்றியதுபோலத் திருத்திக்கொண்டார். உண்மையாகவே நல்ல ஓட்டுநர். கியர் மாற்றுவது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. நல்ல மனிதர். தேவனாம்பட்டினம் கடற்கரைச் சாலையில் தனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். ஜான்சியின் தகப்பனார் அவர்கள் குடும்பத்துக்கு வைத்தியம் பார்த்தவர். அந்தப் பழக்கம்.

“அவருக்கு வாச்ச கெட்ட நேரம், அவுங்கப்பா பாத்த நல்ல நேரம்,” என்றார்.

சென்னைக்கு வடக்கே, பழைய விமான ஓடுதளமான சோழவரத்தில் பெரிய போட்டி ஞாயிற்றுக்கிழமை. வெயில் தாழ்ந்த பிறகு, நாலே முக்கால் மணி வாக்கில் தொடங்குவார்கள். ஞாயிறு நாலரை முதல் ஆறு வரை ராகுகாலம். ராஜாமணியின் அப்பா சிற்றம்பலம், ராகுகாலத்தில் தும்முவதற்குக்கூட யோசிப்பவர். கார் வாங்கப் பணம் கொடுத்தவரும் அவர்தான்.

ராகுகாலத்தில் கிளம்பித்தான் ஆகவேண்டும் என்றால் அதற்கும் இந்தப் பக்கத்து வீடுகளில் வழி வைத்திருக்கிறார்கள். நல்ல நேரம் முடிவதற்குள் பெட்டியையோ பையையோ எடுத்துக்கொண்டு போய் எதிர்வீட்டில் வைத்துவிட வேண்டும். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாக அர்த்தம். பிறகு ராகுகாலத்தில் ஆள் கிளம்பினால் அது தொடக்கம் ஆகாது, தொடர்ச்சிதான். பல கல்யாணக் கோஷ்டிகளும் துபாய்ப் பயணங்களும் இந்த ஏற்பாட்டினால் ஒரு விக்கினமும் இல்லாமல் நடந்திருக்கின்றன. சிற்றம்பலம் அதைக் கார் பந்தயத்துக்கும் கொண்டுவந்தார். சோழவரத்தில் எதிர்வீடு கிடையாது. வெள்ளைக் கோடுதான் உண்டு. நாலரைக்குக் கொஞ்சம் முன்னால் நான்கு ஆட்கள் ஹெரால்டைத் தள்ளிக்கொண்டு போய்க் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்துவார்கள். சூடம் காட்டிப் பூசணிக்காய் உடைப்பார்கள். பந்தயம் தொடங்கிவிட்டது. மற்றவர்களுக்குத்தான் அது தெரியாது.

“சரி மேடம், கொடி விழறதுக்குள்ள திரும்பத் தள்ளிக் கோட்டுக்குப் பின்னாடி நிறுத்திடலாமே?”

“கெளம்புன வண்டியப் பின்னாடி தள்ளலாமாம்மா? அபசகுனம்ல?”

ஜான்சி இதைச் சிரிக்காமல் சொன்னார். முதல் வருடம் நடத்துகிறவர்கள் வேடிக்கை பார்த்தார்கள், பூசணிக்காயை அவர்களே பெருக்கித் தள்ளினார்கள். அடுத்த வருடம், கொடிக்கு முன் கோட்டைத் தாண்டியதற்கு ஒரு நிமிடம் தண்டம் போட்டார்கள். பந்தயமே சில நிமிடம்தான், ஒரு நிமிடத்தை எங்கே போய்ப் பிடிப்பது? அதற்கடுத்த வருடத்திலிருந்து தாண்டினால் நீக்கம் என்றார்கள். தாண்டினார்கள். நீக்கினார்கள். துண்டை மட்டும் கோட்டுக்கு அந்தப் பக்கம் போடலாமே என்று ராஜாமணி கெஞ்சிப் பார்த்தாராம். பயணம் போவது துண்டு இல்லை, கார் என்று கூட வந்த ஜோசியர் சொல்லிவிட்டார். ராஜாமணி அப்பாவை எதிர்த்துப் பேசுகிறவர் இல்லை. கையுறையைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கூட்டத்தோடு உட்கார்ந்து பந்தயம் பார்ப்பார். ஒவ்வொரு வருடமும்.

“கடைசி வருஷம் பெரியவரு படுத்த படுக்கை. ஜோசியரு வரல, பூசணிக்கா இல்ல. கோட்டுக்குப் பின்னாடி ஒழுங்கா நிக்கறாரு. எனக்கு அப்பிடி ஒரு சந்தோஷம். கொடி விழுந்துச்சு. எல்லாக் காரும் போயிடுச்சு. இவரு மட்டும் கடியாரத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு.”

“ஏன்?”

“அதத்தான் நானும் ஓடிப்போயிக் கேட்டேன். ‘கால் வரல ஜான்சி’ன்னாரு.”

வண்டி ஒரு பாலத்தைத் தாண்டியது. ஜான்சி கியரை மாற்றினார். பிறகு, நடத்துகிறவர்கள் ஆறு மணிவரை அவரைக் காரோடு ஓரத்தில் தள்ளி வைத்திருந்ததைச் சொன்னார். பரிசெல்லாம் கொடுத்து முடித்து நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தபோது ராஜாமணி காரைக் கிளப்பி, ஆளில்லாத ஓடுதளத்தில் ஒரே ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார்.

“நான் பாத்த ரவுண்டுலயே அழகான ரவுண்டு அது. பாக்கறதுக்கு நானும் சுண்டல்காரரும்தான் இருந்தோம்.”

எழிலரசிக்கு ஒரு கணம் புத்தகம் முடிந்துவிட்டதுபோல இருந்தது. பிறகுதான் தாளாளர் அறையில் இருக்கும் கோப்பை நினைவுக்கு வந்தது. ஃபோனை எடுத்துக் கோப்பையின் படத்தைக் காட்டினாள். ஜான்சி பிரேக்கை மிதித்தார். பின்னால் வந்த டவுன் பஸ் அலறிக்கொண்டு ஒதுங்கியது.

“இது என்னுதாச்சே,” என்றார்.

அறுபத்தொன்பதாம் வருடம். பெரிய போட்டிக்கு முன்பு, மூன்று மணிக்குப் பெண்கள் போட்டி. தன் காரை ராஜாமணி ஜான்சிக்குக் கொடுத்தார். பெண்கள் போட்டிக்கு ஜோசியர் நேரம் பார்க்கவில்லை, பார்க்கத் தேவையில்லை என்று நினைத்துவிட்டார். ஜான்சி கோட்டுக்குப் பின்னால் நின்று, கொடி விழுந்ததும் கிளம்பி, முதலாவதாக வந்தார். கோப்பை காரின் உரிமையாளருக்கு என்று விதியாம். ஜான்சிக்கு ஒரு டேபிள் ஃபேன் கொடுத்தார்கள்.

இத்தனை வருடம் இதை யாரிடமும் சொல்லவில்லையா என்று எழிலரசி கேட்டாள்.

“சொன்னேனே. ஸ்டாஃப் ரூம்ல சொன்னேன். சர்ச்சுல சொன்னேன். கட்டிக்கிட்டவருகிட்டயும் சொன்னேன். எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டாங்க. அப்ப அவருக்கும் ஒனக்கும் என்னன்னு. ஒண்ணும் இல்ல, அவரு கார் குடுத்தாரு, நான் ஓட்டுனேன்னு சொன்னா, மூஞ்சி தொங்கிப் போயிடும் அவுங்களுக்கு.” வண்டியைத் திருப்பினார். “எழுதுனா, ஓட்டுனேன்னு எழுது. வேற எதுவும் சேக்காத.”

எழிலரசி அப்படியேதான் எழுதினாள். நெய்வேலியில் ஒப்பந்தப் பொறியாளராக இருக்கும் அவளுடைய கணவன் சேரன் படித்துப் பார்த்தான். இரண்டு இடத்தில் சத்தமாகச் சிரித்தான். பிறகு, உண்மையை எழுதினதுக்கு இந்த ஜில்லாவில் யாருக்காவது ஆர்டர் கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டான். தெரியாது என்றாள். தனக்குத் தெரியும் என்றான். அவனும் ஜூன் மாதத்துக்குப் பயப்படுகிறவன்தான், அவனுக்கு அது மார்ச்சில் வரும்.

தாளாளர் எதையும் தானாகப் படிப்பதில்லை, வாசித்துக் காட்டச் சொல்வார். கம்மாபுரத்தில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போகும் வழியில், அவருடைய பெரிய காரின் பின்னிருக்கையில் உட்கார்ந்து எழிலரசி வாசித்தாள். பெண்ணாடம், விருத்தாசலம் என்று அடுத்தடுத்து வந்த அழைப்புகளைத் துண்டித்துவிட்டு அவர் கேட்டார். ராகுகாலம் வந்தது, பூசணிக்காய் வந்தது. வேலை போயிற்று என்று அவள் நினைத்தாள். நிமிர்ந்து பார்த்தபோது தாளாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“எல்லாருக்கும் முன்னாடி கெளம்பியிருக்காரு எங்கப்பா. அத ரூல் போட்டுத் தடுத்திருக்கானுங்க.”

அது அப்படி இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொல்லப்போனால் அது அப்படித்தான். கடைசிச் சுற்று இன்னும் பிடித்துப்போனது. தனியாக ஓடி முதலிடம், கொள்கை பெரிதா கோப்பை பெரிதா என்று கேட்டால் எங்கப்பா கொள்கை என்பார் என்றார். அங்கிருந்தே பேனர் கடைக்காரரை அழைத்து, ‘சோழவரம் சிங்கம்’ என்பதற்குக் கீழே ‘புறப்பாட்டில் முதல்வர்’ என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். எழிலரசிக்கு மூச்சு வந்தது. அந்தத் தைரியத்தில் ஜான்சி கோப்பை வென்ற பக்கத்தையும் வாசித்தாள்.

தாளாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சுரங்கத்து மண் மேடுகள் மலைபோல வந்து போயின.

“கார் யாரோட காரும்மா?”

“உங்கப்பாவோடது சார்.”

“பெட்ரோல்?”

“அவரோடதுதான்.”

“அப்ப ஜெயிச்சது யாரு?”

அவள் தாளைத் திருப்பினாள். அவர் கோபப்படவில்லை. புரியாத மாணவிக்கு இன்னொரு தரம் விளக்குவதுபோலப் பேசினார்.

“நம்ம காலேஜ்ல பாடம் எடுக்கறது நீங்க. ரிசல்ட் வந்தா பேனர்ல யாரு படம் போடறோம்?”

“உங்க படம் சார்.”

“இதுவரைக்கும் யாராவது தப்புன்னு சொன்னாங்களா?”

அவரே வாக்கியத்தைச் சொன்னார், அவள் எழுதிக்கொண்டாள். ‘1969-ஆம் ஆண்டு நடந்த போட்டியொன்றில் ராஜாமணி அவர்களின் கார் முதலிடம் பெற்றது.’ திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தாள். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வரலாற்றில் முனைவர் பட்டம் வாங்கிய அவளுக்கே இத்தனை ஒழுங்கான புரட்டை எழுத வந்திருக்காது. சரி சார் என்றாள். இறங்கும்போது தாளாளர், அவளுடைய பணி ஆணை தட்டச்சாகிவிட்டது, கையெழுத்துதான் பாக்கி என்று சொல்லி அனுப்பினார்.

மஞ்சக்குப்பத்து அச்சகத்தில் பக்கம் வடிவமைப்பவள் சினேகா என்ற பெண். பழைய கையெழுத்துப் பிரதி ஏற்கெனவே அவளிடம் போயிருந்தது. மாற்றிய பக்கத்தை எழிலரசி படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு, கடைசியாக ஒரு தரம் பார்த்துவிட நேரில் போனாள். போகும்போது அவள் மனத்தில் ஒரு குழப்பமும் இருக்கவில்லை. ஜான்சிக்கு ஒரு வரி. தனக்கு மீதி வாழ்க்கை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று சேரனிடமும் சொல்லிவிட்டுத்தான் வந்தாள்.

“மேடம், நாப்பத்தியோராம் பக்கத்துக்கு ரெண்டு வந்திருக்கு. எத வைக்கட்டும்?”

“புதுச. அட்டை வந்திடுச்சா, காட்டு.”

சினேகா திரையில் அட்டையைத் திறந்தாள். காரும் அழகரும் அப்படியே இருந்தார்கள். மூக்குக்கண்ணாடிப் பெண் இருந்த இடத்தில் நீலவானம் ஒட்டியிருந்தது. அதன் மேல் தங்க நிறத்தில் எழுதியிருந்தது: ‘நூலாசிரியர்: கல்விச் செம்மல் செந்தமிழ்செல்வன்’.

எழிலரசி உள்ளே எங்காவது தன் பெயர் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்று சினேகா உற்சாகமாகக் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். நன்றி என்ற தலைப்பின் கீழ், சமையல் ஒப்பந்தக்காரருக்கும் ஒலி ஒளி அமைப்பாளருக்கும் நடுவே, ‘தட்டச்சு உதவி: திருமதி எழிலரசி’ என்றிருந்தது. அவளுக்குத் தமிழில் தட்டச்சு வராது. கையால் எழுதித்தான் கொடுத்திருந்தாள்.

அச்சகத்துக்கு வெளியே ஒரு பஸ் நின்று, ஆள் இறக்கிப் போனது. அந்த நேரம் முழுக்க அவள் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சினேகா, பழசையே வையி.”

“பழசா? தாளாளர் சார் ஆபீஸ்லேருந்து புதுசத்தான்...”

“புத்தகம் எழுதுனவரு தன்னோட பக்கத்த எப்பிடி வேணா வெச்சுக்கலாம்ல. வையி.”

வீட்டுக்குத் திரும்பும் சிதம்பரம் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் செய்தது என்னவென்று அவளுக்கு உறைத்தது. கூடவே ஒரு தைரியமும் வந்தது. இப்படிப்பட்ட புத்தகங்களை வெளியிடுவார்கள், பெற்றுக்கொள்வார்கள், தாம்பூலப் பையில் தேங்காயோடு போட்டுக் கொடுப்பார்கள். யாரும் படித்ததாக அவளுக்குத் தெரிந்த வரலாற்றில் இல்லை. ஜான்சியின் பெயர் அச்சில் இருக்கும், யாருக்கும் தெரியாது, ஆணையும் வந்துவிடும். அவளுடைய தைரியம் அவ்வளவுதான்.

விழாவில் ஆய்வுரை வழங்க ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர் சுப்பிரமணியன் வந்திருந்தார். மாவட்டத்தில் எந்த நூல் வெளியானாலும் ஆய்வுரை அவருடையதுதான். அதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். நூலை முன்கூட்டிப் படித்தால் தன் கருத்து அதன்மேல் ஏறிவிடும் என்பதால் படிக்க மாட்டார். மேடையிலேயே திறந்து, திறந்த பக்கத்தை உரக்க வாசித்து, மனதாரப் பாராட்டுவார். எண்பது பக்கம், நடுவில் பின் அடித்த புத்தகம். விரலை விட்டால் நடுப்பக்கத்தில்தான் திறக்கும். திறந்தது.

முன்வரிசையில் ஆசிரியர்களோடு உட்கார்ந்திருந்த எழிலரசிக்கு, அவர் வலது பக்கத்தில் தொடங்குவது தெரிந்தது. இடது பக்கத்தில் தொடங்கக் கூடாதா என்று நினைப்பதற்குள் ஒலிபெருக்கியில் வந்துவிட்டது. “காரை ஓட்டி வென்றவர் கடலூரைச் சேர்ந்த ஜான்சி என்ற இருபத்து மூன்று வயதுப் பெண். இந்தக் கல்லூரியில் இன்று இருக்கும் கோப்பை அவர் வென்றது.” நல்ல குரல் அவருக்கு. நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சொல்லும் கடைசி வரிசைவரை போய்ச் சேரும்படி வாசித்தார்.

அரங்கின் இடது பக்கம் முழுவதும் மாணவிகள். இரண்டு மணி நேரமாக வாழ்த்துரைகளுக்கு நடுவே ஃபோன் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். யாரோ ஒருத்தி கை தட்டினாள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். தாளாளர் பெயருக்குத் தட்டுவதற்கென்று ஒரு அளவு உண்டு, துறைத் தலைவர்கள் கையைக் காட்டி நிறுத்துவார்கள். இது நிற்கவில்லை. சுப்பிரமணியன் அந்தக் கைதட்டலைத் தன் குரலுக்கென்று எடுத்துக்கொண்டு உணர்ச்சிவசப்பட்டார். தகப்பனுக்கு இல்லாத பெருமையை ஏற்றிச் சொல்லும் மகன்கள் நிறைந்த நாட்டில், தகப்பனுடைய பெருமையில் பாதியை உரியவரிடம் திருப்பிக் கொடுத்த மகனை இன்றுதான் பார்க்கிறேன் என்றார். இந்த நேர்மைக்காகவே நூலாசிரியர் எழுந்து நிற்க வேண்டும் என்றார்.

தாளாளரின் முகத்தில் ஒன்று வந்து போனதை எழிலரசி பார்த்தாள். சற்று நேரம்தான். பிறகு அவர் எழுந்து, அரங்கை நோக்கிக் கைகூப்பினார். அடக்கமாகத் தலையைக்கூடக் குனிந்துகொண்டார்.

அடுத்து அவளுடைய பெயரை அழைத்தார்கள். நிகழ்ச்சி நிரலில் அச்சாகிவிட்டது, ஊர்த் தொலைக்காட்சிக்காரர் படம் பிடித்துக்கொண்டிருந்தார், இனி அழைக்காமல் இருக்க முடியாது. மேடையேறி, தாளாளர் நீட்டிய பணி ஆணை உறையைப் பிடித்தாள். அவர் விடவில்லை. இருவரும் ஆளுக்கொரு ஓரத்தைப் பிடித்தபடி புகைப்படக்காரரைப் பார்த்து நின்றார்கள்.

“நாப்பத்தியோராம் பக்கம் யாரும்மா எழுதுனது?” உதடு அசையவில்லை.

“அட்டையில உங்க பேருதான சார் இருக்கு.”

சாருக்குச் சிரிப்பு வரவில்லை, இன்னொன்று எடுக்கலாம் என்றார் புகைப்படக்காரர். தாளாளர் சிரித்தார். உறை அவள் கைக்கு வந்தது.

அதோடு முடிந்தது என்று நினைத்து அவள் இறங்கியபோது, ஏற்புரைக்கு மைக் அவரிடம் போனது. மாணவிகள் மறுபடியும் தட்டினார்கள். அந்தச் சத்தத்தை அவர் தலையைச் சாய்த்து, ருசி பார்ப்பதுபோலக் கேட்டார். பிறகு பேசினார். ஜான்சி அம்மையார் இன்றும் சிதம்பரத்தில் வாழ்கிறார், அவரைப் பல மாதம் அலைந்து தேடிக் கண்டுபிடித்தது தான்தான் என்றார். அடுத்த ஆண்டு விழாவுக்கு அவரை அழைத்துப் பொன்னாடை போர்த்துவோம் என்றார். தென்னாட்டின் முதல் வீராங்கனையான அந்த அம்மையாரின் முழு வரலாற்றையும் எழுதி அதே மேடையில் வெளியிடப்போவதாகவும் அறிவித்தார்.

“அதையும் நானே எழுதப்போறேன்,” என்று முன்வரிசையை, அதில் ஒரு நாற்காலியை மட்டும், பார்த்தார்.

அரங்கம் அதிர்ந்தது. எழிலரசி மடியில் வைத்து உறையைப் பிரித்தாள். நிரந்தரப் பணியிடத்தில் நியமிக்கப்படுகிறார் என்று முதல் வரியில் இருந்தது. இரண்டு ஆண்டுகள் தகுதிகாண் பருவம், தாளாளரின் திருப்திக்கு உட்பட்டு, என்று அடுத்த வரியில் இருந்தது. பக்கத்து நாற்காலி வேதியியல் ஆசிரியை கையைப் பிடித்துக் குலுக்கி, எப்போது ட்ரீட் என்று கேட்டாள். எழிலரசி சிரித்துவிட்டு, ஜான்சியை எந்த நாளில் எந்த முனையில் போய் நின்று பிடிப்பது, இந்தச் செய்தியை வண்டி ஓடும்போது சொல்வதா நின்ற பிறகு சொல்வதா என்று யோசிக்கத் தொடங்கினாள்.